உருகத் துடிக்கும் தரை

கனடா தேசத்து டொராண்டோ நகரத்தின் காலடியில் கடலைப் போல விரிந்து கிடக்கும் ஒண்டாரியோ ஏரியில், கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 83 மீட்டர் ஆழத்தில், சூரியனுடைய உஷ்ணமோ வாடைக்காற்றின் கடுமையோ சென்று எட்டாத இருளில் கிடக்கிறது ஒரு தண்ணீர். ஜூலை மாதத்தில் மேற்பரப்பில் ஜனங்கள் நீந்திக் களிக்கும்போதும், ஜனவரியில் கரையோரம் பாளம் பாளமாக உறைந்து கிடக்கும்போதும், அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 4 டிகிரி சென்டிகிரேடிலேயே நிலைபெற்று நிற்கிறது. 2004-ஆம் ஆண்டு முதல் அந்த நீரைப் பெருங்குழாய்களின் வழியே நகரத்துக்கு இழுத்துவந்து, அதைக்கொண்டு நகர மத்தியிலுள்ள மாளிகைகளின் உஷ்ணத்தைத் தணித்து வருகிறார்கள். அந்த உபகாரத்தை முதன்முதலில் பெற்ற கட்டடங்களுள் ஒன்று, ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடைபெறும் ஒரு பேரரங்கம். நான் சொல்ல வந்தது அந்த அரங்கத்தின் தரையைப் பற்றி.

அரங்கத்தின் பெயர் இப்போது ஸ்கோஷியாபாங்க் அரீனா. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பட்டபோது ஏர் கனடா சென்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2018-இல் பெயர் மாறிற்று. அந்த இடத்தில் முன்பு தபால் பட்டுவாடாவுக்கான ஒரு பெரிய கட்டடம் இருந்தது. புதிய அரங்கத்தை எழுப்பியவர்கள் பழைய கட்டடத்தை முழுவதும் தரைமட்டமாக்கிவிடாமல், மனிதர் செய்தியனுப்பிய வரலாற்றைச் சிற்பங்களாகச் செதுக்கியிருந்த அதன் கற்சுவர்களை நிறுத்திவைத்துக்கொண்டு அவற்றோடு இணைத்தே இதைக் கட்டினார்கள். அந்த விவேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். உள்ளே ஹாக்கி ஆட்டத்தன்று ஏறக்குறைய 18,800 பேர் உட்காரலாம். இந்த ஊரை ‘ரொறன்ரோ’ என்று எழுதும் ஈழத் தமிழர்கள் இதன் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில் பெருந்தொகையாகக் குடியேறி வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பனங்காட்டு மணலை மிதித்து வளர்ந்தவர்களின் பேரக் குழந்தைகளுக்கு, மேப்பிள் லீஃப்ஸ் என்னும் நகரத்து ஹாக்கி அணி சொந்த ஊர் அணியாக இருக்கிறது.

ஏரியின் அடியிலுள்ள நீர் ஏன் எப்போதும் 4 டிகிரியிலேயே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டால், ஐஸ் ஹாக்கி என்ற விளையாட்டு உலகத்தில் ஏன் உண்டாயிற்று என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும். பொதுவாகப் பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கின்றன. தண்ணீரும் 4 டிகிரி வரையில் இந்த விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால், விதியை மீறி விரிந்து இலேசாகிறது. உறைந்து கட்டியானாலோ, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்துத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. ஆகவே, மாரிக்காலம் வந்ததும் ஏரியின் மேல்நீர் குளிர்ந்து 4 டிகிரியை அடைந்து கனத்துக் கீழே இறங்க, அடியிலிருந்த நீர் மேலே வர, இப்படியே புரண்டு புரண்டு ஏரி முழுவதும் 4 டிகிரியான பிறகுதான், அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலேயே தங்கி உறையத் தொடங்குகிறது. குட்டைகளும் சிற்றேரிகளும் அடியிலிருந்து உறையாமல் மேலிருந்து உறைவதற்கு இதுவே காரணம். தண்ணீருக்கு இந்த விபரீத சுபாவம் இல்லாதிருந்தால், வடதேசத்துச் சிறுவர்கள் காலில் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு ஓடியாட, இயற்கை அவர்களுக்கு ஒரு கண்ணாடித் தளத்தை விரித்துக் கொடுத்திராது. டொராண்டோக்காரர்கள் கோடையில் உபயோகிக்க ஏரியின் அடியில் ஒரு குளிர் நிதியும் சேர்ந்திராது.

திறந்தவெளிக் குட்டையில் ஆடிய ஆட்டத்தைக் கூரைக்கடியில் கொண்டுவந்தவர்கள் மான்ட்ரியால் நகரத்தார். 1875-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி, அந்நகரத்து விக்டோரியா சறுக்கு மண்டபத்தில், ஜேம்ஸ் கிரெய்ட்டன் என்பவருடைய முயற்சியால், பக்கத்துக்கு ஒன்பது பேராக ஓர் ஆட்டம் நடந்தது. பந்து துள்ளிப் பார்வையாளர் மேல் விழக்கூடுமென்று, தட்டையான ஒரு மரவட்டை வைத்து ஆடினார்கள். ஆனால் அந்த மண்டபத்துப் பனிக்கட்டி யந்திரம் செய்ததன்று. வெளியிலிருந்த குளிரே உள்ளே புகுந்து உறையவைத்தது. மறுவருஷமே லண்டன் நகரத்துச் செல்ஸீ பகுதியில் ஜான் கேம்ஜி என்னும் கால்நடை வைத்தியர், தூரதேசத்து இறைச்சியைக் கெடாமல் கப்பலில் கொண்டுவரும் உபாயத்தைத் தேடிக்கொண்டிருந்தவர், அந்த ஆராய்ச்சியின் விளைவாக யந்திரத்தால் உறையும் முதல் சறுக்குத் தளத்தை அமைத்தார். செம்புக் குழாய்களைப் பரப்பி, அவற்றினூடே கிளிஸரின் கரைசலைக் குளிரவைத்து ஓட்டி, மேலே நின்ற தண்ணீரை உறையச் செய்தார். இன்று உலகத்திலுள்ள ஒவ்வொரு ஹாக்கி அரங்கத்துக்கும் அதுவே மூலம். செலவு தாளாமலும், தளத்திலிருந்து ஓயாமல் எழுந்த மூடுபனியைப் பொறுக்கமாட்டாத வாடிக்கைக்காரர்கள் விலகிப்போனதாலும் அது நெடுநாள் நடக்கவில்லை. அந்த மூடுபனியை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது; மேலே அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனிக்கட்டி மனிதன் செய்யும் பண்டமாவதற்கு முன்னால் அது வெட்டியெடுக்கும் பண்டமாக இருந்தது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் சுவாமி விவேகானந்தர் 1897-இல் தங்கியிருந்த மாளிகையை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். அமெரிக்காவில் மாசச்சூஸெட்ஸ் பிராந்தியத்து ஏரிகளில் மாரிக்காலத்தில் உறைந்த கட்டிகளை வாளால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகத்தைச் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து, ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி சேமித்துவைத்த கிடங்கு அது, 1842-இல் கட்டப்பட்டது. எவ்வளவு பொதிந்தாலும் வழியெல்லாம் உருகிக்கொண்டே வந்த அந்தச் சரக்கில் ஒரு பகுதியே கரை சேர்ந்தது. இன்றைய அரங்கத்துப் பனித்தரையும் உருகிக்கொண்டே இருக்க விரும்பும் சரக்குத்தான். வியாபாரி அதைப் பொதிந்துவைத்தான், பொறியியலாரோ கணந்தோறும் அதை மீட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தத் தரை 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ளது. கனமோ ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால் அங்குலம். இவ்வளவு பெரிய யந்திர சாலை காப்பது இவ்வளவு மெல்லிய தகட்டையா என்று வியப்புண்டாகும். ஆனால் கனம் கூடினால் அடியிலிருந்து வரும் குளிர் மேற்பரப்பை எட்டுவது தாமதப்படும். கான்கிரீட் தளத்துக்குள் மைல் கணக்கில் குழாய்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. அவற்றில் உறைநிலைக்குப் பல டிகிரி கீழே குளிர்ந்த உப்புநீர் ஓடுகிறது. தளத்தின்மேல் தண்ணீரைக் கொட்டி நிரப்பி உறையவைப்பதில்லை. சுத்திகரித்த நீரை மெல்லிய தூவானமாகத் தெளித்து, அது உறைந்தபின் அடுத்த தூவானம், அதன்பின் அடுத்தது என்று, தோசைக்கல்லில் மாவை இழுப்பதினும் மெல்லிசாகப் பல அடுக்குகளாக ஏற்றுகிறார்கள். முதல் அடுக்குகளின்மேல் வெள்ளைச் சாயம் தெளிக்கிறார்கள். நாம் தொலைக்காட்சியில் காணும் பால்வெண்மை அந்தச் சாயத்தினுடையதே, பனிக்கட்டியினுடையதன்று. வெள்ளையின்மேல் செங்கோடுகளும் நீலக்கோடுகளும் வரைந்து, அவற்றின்மேல் மறுபடி தெளிந்த நீரை அடுக்கடுக்காக உறையவைக்கிறார்கள். மொத்தத்தில் 40,000 லிட்டருக்குக் கிட்டத்தட்ட தண்ணீர் செலவாகிறது; கிராமத்து நடுத்தரக் கிணறு ஒன்று அதைக் கொடுத்துவிடும்.

குழாயில் ஓடுவது ஏன் உப்புநீர் என்பதைக் குல்ஃபி வண்டிக்காரன் அறிவான். பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் அது 0 டிகிரிக்கு வெகு கீழே இறங்கியும் திரவமாகவே நிற்கிறது. அந்த உப்புநீரைக் குளிரவைக்கும் வித்தையோ நம் வீட்டு மண்பானை அறிந்தது. பானையின் துவாரங்களில் கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பானையிலிருந்தே பறித்துக்கொண்டு போகிறது. அரங்கத்தின் அடித்தளத்தில் அதே காரியத்தைப் பல இடங்களில் அம்மோனியா செய்கிறது. அது 33 டிகிரி உறைகுளிரிலேயே கொதித்து ஆவியாகிவிடும் திரவமாதலால், உப்புநீரின் குழாய்களைச் சுற்றி ஆவியாகி அதன் உஷ்ணத்தைப் பறிக்கிறது. பானையில் போன ஆவி போனதுதான். இங்கே கம்ப்ரஸர் அந்த ஆவியைப் பிடித்து அமுக்கிச் சூடேற்றி, சூட்டைக் கட்டடத்துக்கு வெளியே கொட்டிவிட்டு, ஆவியை மறுபடி திரவமாக்கித் திருப்பி அனுப்புகிறது. குளிர் என்று ஒரு பொருளை யாரும் எங்கும் உற்பத்தி செய்வதில்லை. உஷ்ணத்தை ஓரிடத்திலிருந்து அள்ளி மற்றோரிடத்தில் கொட்டும் ஓயாத சுமைகூலி வேலையே இந்த யந்திரங்களின் வேலை. ஏரியின் 4 டிகிரி நீர் பனித்தரையை உறையவைக்கப் போதாது என்பதும் இதனால் விளங்கும். அது கட்டடத்துக் காற்றின் உஷ்ணத்தைத் தணிக்கிறது. அப்படித் தணித்த ஏரிநீர் வீணாவதுமில்லை. கட்டடங்களுக்குள் சுற்றும் நீரோடு கலவாமல், உலோகத் தகடுகளுக்கு அப்பால் நின்றபடி உஷ்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அது நகரத்துக் குடிநீர்க் குழாய்களுக்குள் போய்விடுகிறது. ஒரே தண்ணீரைக்கொண்டு காற்றையும் தணித்துத் தாகத்தையும் தணிக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்தோறும் என் மனம் நிறைகிறது.

இனி, இத்தனை பிரயத்தனமும் எதற்காக? பனிக்கட்டி வழுக்குகிறது என்பதற்காக. ஏன் வழுக்குகிறது என்பதோ, மேதாவிகளை நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாகச் சுற்றவிட்ட கேள்வி. 1850-இல் மைக்கேல் ஃபாரடே, இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒட்டிக்கொள்வதைக் கவனித்து, பனிக்கட்டியின் மேற்புறத்தில் எப்போதும் நீர் போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்க வேண்டுமென்று ஊகித்தார். அழுத்தத்தால் பனிக்கட்டியின் உருகுநிலை தாழும் என்பதை அதே காலத்தில் ஜேம்ஸ் தாம்ஸன் கணித்திருந்தார்; 1886-இல் ஜான் ஜோலி என்பவர் அதைப் பிடித்துக்கொண்டு, சறுக்குபவனுடைய பாரம் கத்திபோன்ற தகட்டின் வழியே அழுத்துவதால் அடியிலுள்ள பனி உருகுகிறது என்றார். பள்ளிப் புத்தகங்களில் நெடுங்காலம் இதுவே சொல்லப்பட்டு வந்தது. நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவன் 3 சதுர சென்டிமீட்டர் இரும்பின்மேல் நின்றால், அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய 23 மடங்கு. ஒரு வளிமண்டலத்துக்கு நூற்றில் ஒரு பங்கு டிகிரிகூட உருகுநிலை இறங்குவதில்லையாதலால், கால் டிகிரி இறங்குவதே கஷ்டம். தரையோ உறைநிலைக்கு 5 டிகிரி கீழே இருக்கிறது. அன்றியும், தட்டையான செருப்புக் காலோடு நடப்பவனும் பனியில் வழுக்கி விழத்தானே செய்கிறான்? 1939-இல் பௌடன், ஹ்யூஸ் என்ற இருவர், உராய்வின் சூடே பனியை உருக்குகிறது என்று காட்டினார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அசையாமல் நிற்பவனும் வழுக்குவதற்கு அது விடையாகவில்லை.

இப்போது தெரியவந்திருப்பது ஃபாரடேயின் ஊகத்தையே நெருங்கி நிற்கிறது. பனிக்கட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அண்டையிலுள்ள நான்கின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. மேற்பரப்பிலுள்ளதற்கோ மேலே பிடிக்க யாருமில்லை. பிடிப்பு குறைந்த மூலக்கூறுகள், தளத்தின்மேல் சிதறிய கோலிக்குண்டுகளைப் போல அங்குமிங்கும் உருளுகின்றன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தாரும் 2018-இல் வெளியிட்ட சோதனைகளில், உறைநிலைக்கு 7 டிகிரி கீழே பனிக்கட்டி மிக நன்றாக வழுக்குகிறது என்று கண்டார்கள். அதைவிடக் குளிர்ந்தால் மேற்புறத்துக் குண்டுகள் உருளுவதை நிறுத்திக்கொள்கின்றன. அதைவிடச் சூடானால் பனிக்கட்டி இளகித் தகடு உள்ளே புதைகிறது. ஹாக்கி ஆடுபவனுக்கு வழுக்குதல் மட்டும் போதாது, திடீரென்று திரும்பித் தகட்டின் ஓரத்தை ஊன்றி நிற்கவும் வேண்டும். ஆகையால் அவனுடைய தரை சறுக்கு நடனமாடுபவர்களின் தரையைக் காட்டிலும் ஓரிரண்டு டிகிரி குளிர்ந்து இறுகியிருக்கிறது. தாவிக் குதித்து இறங்கும் நடனக்காரர்களுக்கோ சற்று மிருதுவாக இருந்தால்தான் சௌகரியம். ‘பக்’ என்னும் ரப்பர் வட்டைக்கூட, துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டுமென்று, ஆட்டத்துக்குமுன் உறையவைத்தே கொண்டுவருகிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமாகக் காக்கப்படும் இந்த ஐந்தாறு டிகிரிக்குப் பெரிய சத்துரு யாரென்றால், பார்க்க வந்த ஜனங்கள்தாம். உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒவ்வொருவனும் 100 வாட்டுக்குக் குறையாத ஓர் உஷ்ண விளக்கு. 18,800 பேர் கூடினால், ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட மின்சார இஸ்திரிப் பெட்டிகளை ஒரே சமயத்தில் சுடவைத்து வரிசையாக அடுக்கியதற்குச் சமானம். அதனினும் பொல்லாதது அவர்களுடைய மூச்சு. மூச்சாலும் வியர்வையாலும் ஒருவர் மணிக்கு 50 கிராம் நீராவியை விடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், கூட்டம் முழுவதும் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 1 டன் தண்ணீரைக் காற்றில் கலந்துவிடுகிறது. அந்த ஆவி பனித்தரையின்மேல் படிந்து உறையும்போது, கிராம் ஒன்றுக்கு ஏறக்குறைய 680 கலோரி உஷ்ணத்தைத் தரையின்மேல் இறக்கிவிடுகிறது. ஒரு கிராம் பனியை உருக்க 80 கலோரி போதும் என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் உறிஞ்சி எடுக்கும் யந்திரங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, ஒண்டாரியோ ஏரிக்கு அப்பால் அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகரம் 1975-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி கண்டது. ஹாக்கி அணிகள் போட்டியிடும் ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம், வெளியே புழுக்கம், குளிர்சாதனம் இல்லாத பழைய அரங்கம். தரையிலிருந்து எழுந்த மூடுபனி ஆட்டக்காரர்களை இடுப்புவரை விழுங்க, பலமுறை ஆட்டத்தை நிறுத்தி, வீரர்களை வட்டமாகச் சறுக்கி வரச் செய்தும், சிப்பந்திகள் விரிப்புகளை வீசியும் அதைக் கலைத்தார்கள். நூறு வருஷங்களுக்கு முன் கேம்ஜியின் தளத்தை மூடிய பனி, அவரைத் தொடர்ந்து வந்தவர்களையும் விட்டபாடில்லை.

கூரையும் சும்மா இருப்பதில்லை. சூடான கூரை கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாகத் தன் உஷ்ணத்தைப் பனித்தரையின்மேல் பொழிகிறது. அதனால் பல அரங்கங்களில், கதிர்களை வெளிவிடாத அலுமினியப் பூச்சுத் துணியைக் கூரைக்கடியில் விரித்துக் கட்டுகிறார்கள். தரைக்கடியிலோ இதற்கு நேர்மாறான சங்கடம். குளிர் கீழ்நோக்கி இறங்கி மண்ணிலுள்ள ஈரத்தை உறையச் செய்தால், சுற்றியுள்ள ஈரமும் அங்கே இழுக்கப்பட்டு உறைந்து, மண் பொங்கியெழுந்து கான்கிரீட்டையே பிளந்துவிடும். ஆகவே குளிர்க்குழாய்களுக்குக் கீழே உஷ்ணத்தடுப்பு அட்டைகளைப் பரப்பி, அவற்றுக்கும் கீழே மண்ணை இளஞ்சூட்டில் வைத்திருக்க வேறு குழாய்களைப் பதிக்கிறார்கள். பனிக்கட்டியைக் காப்பதற்காக அதன் அடியில் சூடேற்ற வேண்டியிருக்கிறதென்பது, அந்தக் குளிருக்கு மனிதன் செலுத்தும் வரி.

அம்மோனியாவின் அபாயத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமன்று. கனடாவின் மேற்கிலுள்ள ஃபெர்னி என்ற சிற்றூரில் 2017-ஆம் ஆண்டு அக்டோபரில், பழுதுற்ற குளிர்விப்பு யந்திரத்திலிருந்து கசிந்த அம்மோனியா மூன்று தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. அதற்கு மாற்றாக வந்த சில செயற்கை வாயுக்களோ ஓசோன் படலத்தைக் கெடுத்தன. இப்போது நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவையே கடும் அழுத்தத்தில் குளிர்விப்புத் திரவமாக்கும் முறை பரவிவருகிறது. 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் வேகச்சறுக்கு மண்டபத்துப் பனித்தரை அப்படி உறைந்ததே.

இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி ஆட்டம். ஒவ்வொரு பகுதியும் முடியும்போது தரை உழுத வயலைப் போலக் கீறிக் கிடக்கிறது. கலிபோர்னியாவில் சறுக்கு மண்டபம் நடத்திய ஃபிராங்க் ஜாம்போனி 1949-இல் உருவாக்கிக் கொடுத்ததும், அவர் பெயராலேயே வழங்குவதுமான வண்டி அப்போது உள்ளே வருகிறது. பல ஆட்கள் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடுபட்ட வேலையை அது ஒருவரைக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கிறது. மேற்புறத்தைச் சீவி, சீவலை அள்ளி, கீறல்களைக் கழுவி, கடைசியில் பின்னாலே தொங்கும் ஈரத்துணியால் ஒரு படலம் தண்ணீரைப் பூசிச் செல்கிறது. அந்தத் தண்ணீர் சுடுநீர். சுடுநீர் பழைய பனியின் மேல்தோலைச் சற்று இளக்கி அதனோடு ஒன்றாகிறது. கரைந்த காற்று அதில் குறைவாதலால் குமிழியின்றித் தெளிவாக உறைகிறது. மெல்லிய ஆவி ஒரு கணம் எழுந்து அடங்க, மறுபடியும் கண்ணாடி.

ஆட்டம் முடிந்து ஜனங்கள் ரயில் நிலையத்தை நோக்கிக் கலைந்து போனபின்பு, மறுநாள் அதே அரங்கத்தில் கூடைப்பந்து ஆட்டமென்றால், இரவோடிரவாகச் சிப்பந்திகள் பனியின்மேல் உஷ்ணத்தடுப்புப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து மூடி, அவற்றின்மேல் மரத்தளத்தைத் துண்டு துண்டாகப் பொருத்துகிறார்கள். மறுநாள் மாலையில் நெட்டையான வீரர்கள் அதன்மேல் ஓடிக் குதிக்கிறார்கள். அவர்களுடைய பாதங்களுக்குச் சில அங்குலம் கீழே, வெள்ளையும் செங்கோடும் நீலக்கோடும் இருளில் அப்படியே இருக்க, உப்புநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடித்தளத்தில் கம்ப்ரஸர் நின்றபாடில்லை.